விடைத்திட்டத்தை ஒப்பித்தால் இயற்பியல் வந்துவிடுமா?

மலேசியாவில், கோலாலம்பூரின் செந்தூலில், படிவம் 4, 5 பிள்ளைகளுக்கு மாலையில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். என்னால் தாங்கவே முடியாதது இந்த விடைத்திட்ட மனப்பாடம்தான், அதாவது மதிப்பெண் போடுவதற்கான மாதிரி விடையை அப்படியே ஒப்பிப்பது.

உயரத்திலிருந்து குதிப்பவர் ஏன் முழங்காலை மடக்குகிறார்? மலாயிலோ ஆங்கிலத்திலோ மளமளவென்று ஒப்பிப்பார்கள்: மோதும் நேரம் கூடும், கணத்தாக்கு விசை (மோதும் கணத்தில் தாக்கும் விசை) குறையும். முழு மதிப்பெண். சரிம்மா, காரில் காற்றுப்பை எதற்கு? பதிலே வராது. இரண்டும் ஒரே விஷயம்தானே! உந்தத்தின் (நிறை × திசைவேகம்) மாற்றம் அதே அளவுதான். அது நடக்க எடுக்கும் நேரம் நீள்வதால் விசை குறைகிறது. இதை நிதானமாக விளக்க ஆரம்பித்தால், "டீச்சர், இது எஸ்.பி.எம்.மில் வருமா?" என்று படிவம் 5 முடிவில் எழுதும் அரசுத் தேர்வைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வயிறு எரிகிறது.

டிக்கர் டைமர், அதாவது இழுபடும் காகித நாடாவில் சீரான நேர இடைவெளியில் புள்ளி வைக்கும் கருவி, இன்னொரு கொடுமை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், ஆகவே அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே 0.02 வினாடி, எல்லாருக்கும் தெரியும். ஆனால் நாடாவைத் தன் கையால் இழுத்து, வேகம் கூடக் கூடப் புள்ளிகள் விலகிப்போவதைப் பார்த்த பிள்ளை என் வகுப்பில் அபூர்வம். வீடியோவில் பார்த்தார்களாம்! தள்ளுவண்டியைச் சாய்தளத்தில் விடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

பிள்ளைகள்மேல் எனக்குக் கோபமில்லை. எல்.ஆர்.டி. ரயில் பிரேக் போடும்போது உடம்பு ஏன் முன்னால் சாய்கிறது என்று பேச்செடுத்தால் அவர்கள் கண் விரிவதை நான் பார்க்கிறேனே. அதற்குள் ஒரு அம்மா வாசலில் நின்று, "டீச்சர், இந்த வருஷம் வரப்போற கேள்வி மட்டும் குடுத்துடுங்க, போதும்" என்கிறார்.