எடை நின்றால் இரைப்பை விரிந்துவிட்டதா?

“உடல் பருமன் அறுவை சிகிச்சைக்குப் பின் எடை குறையாமல் நின்றால் இரைப்பை விரிந்துவிட்டது, 5 நாள் வெறும் கஞ்சித் தண்ணீர் குடித்தால் சுருங்கிவிடும்” என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இது தவறு. கஞ்சித் தண்ணீரால் இரைப்பை சுருங்காது.

மூன்றாம் வாரத்தையொட்டி எடை முள் அசையாமல் நிற்பது பலருக்கும் நேர்வதுதான். முதலில் குறைவதில் கணிசமான பங்கு கிளைக்கோஜனும் (உடல் சேமித்து வைக்கும் சர்க்கரை வடிவம்) நீரும். ஒரு கிராம் கிளைக்கோஜன் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அந்த நீர் திரும்பச் சேரும்போது, கொழுப்பு கரைந்தாலும் எடையில் தெரியாது. பெல்ட் ஒரு துளை உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள்.

தையல் ஆறிவரும் உடலைப் பட்டினி போடச் சொல்வதுதான் கவலை தருகிறது. நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. அமெரிக்க வளர்சிதைமாற்ற, உடல் பருமன் அறுவை சிகிச்சைச் சங்கத்தின் இணையதளத்திலோ உங்கள் மருத்துவரிடமோ சரிபார்க்கலாம். தயவுசெய்து அந்தத் தகவலை யாருக்கும் அனுப்பாதீர்கள்.