பண மசோதா என்ற பின்வாசல்

2016 மார்ச் 16 அன்று மாநிலங்களவை ஆதார் மசோதாவில் ஐந்து திருத்தங்களைப் பரிந்துரைத்தது. விரும்பாதவர் ஆதாரிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்றது ஒன்று. தனியார் நிறுவனங்களும் ஆதாரைக் கேட்க வழிவிட்ட 57ஆம் பிரிவை நீக்குங்கள் என்றது இன்னொன்று. அன்றே மக்களவை ஐந்தையும் தள்ளிவிட்டது. அதோடு கதை முடிந்தது. ஏனென்றால் அது, மாநிலங்களவையால் தடுக்க முடியாத 'பண மசோதா' என்று சபாநாயகர் சான்றளித்திருந்தார்.

நாடாளுமன்றத்தின் அதிகார எல்லை என்று பேச்செடுத்தாலே நாம் 1973-க்கும் கேசவானந்த பாரதி வழக்குக்கும் போய்விடுகிறோம். அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்ற அந்த எல்லை பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அரசியல் சாசனத்தில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தாமல், ஒரு சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் அவையை ஓரங்கட்ட முடிகிறதே, அதைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறோம்?

சாசனத்தின் 110ஆவது உறுப்பு தெளிவாகவே இருக்கிறது. வரி, அரசு வாங்கும் கடன், அரசின் பொதுக் கருவூலமான இந்தியத் தொகுப்பு நிதியில் பணம் போடுவது எடுப்பது போன்ற விஷயங்களையும் அவற்றைச் சார்ந்தவற்றையும் 'மட்டும்' கொண்டதே பண மசோதா. அதை மாநிலங்களவை 14 நாளுக்குள் திருப்பி அனுப்பியாக வேண்டும். பரிந்துரைக்கலாம், தடுக்க முடியாது. அரசு நடத்தக் காசில்லாமல் முடங்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது, நியாயமானதும்கூட.

பிரிட்டனில் இதே ஏற்பாடு 1911-இல் வந்தது. 1909 பட்ஜெட்டைப் பிரபுக்கள் சபை தோற்கடித்ததன் விளைவு. ஆனால் அங்கே கட்டுப்படுத்தப்பட்டவர்கள் யாருடைய வாக்கையும் வாங்காத பிரபுக்கள். நம் மாநிலங்களவை அப்படியா? நியமன உறுப்பினர்கள் 12 பேரைத் தவிர மற்ற எல்லோரும் சட்டமன்ற உறுப்பினர்களின் வாக்கால் வருகிறவர்கள். தமிழ்நாட்டிலிருந்து 18 பேர். அந்த அவையை ஒதுக்கினால் ஒதுக்கப்படுவது மாநிலங்கள்தான்.

"மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த அவைக்கு மாநிலங்களவை முட்டுக்கட்டை போடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அதற்குச் சாசனமே வழி வைத்திருக்கிறது: 108ஆவது உறுப்பின்படி இரு அவைகளின் கூட்டுக் கூட்டம். மக்களவை உறுப்பினர்களே அதிகம் என்பதால் அங்கே பெரும்பாலும் அவர்கள் பக்கமே வெல்லும். 1961-இல் வரதட்சணைத் தடைச் சட்டத்துக்கு, 1978-இல் வங்கிப் பணித் தேர்வாணையத்தைக் கலைக்க, 2002-இல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவுக்கு என மூன்று முறை கூடியிருக்கிறது. பொடா எனக்கு அறவே பிடிக்காத சட்டம். ஆனாலும் மாநிலங்களவையில் தோற்றதும் வாஜ்பாய் அரசு நாடறியக் கூட்டுக் கூட்டத்தைக் கூட்டி, விவாதித்து, வாக்கெடுத்து நிறைவேற்றியது. அது நேர்வழி. ஆதாருக்கு அந்த வழியில் போக என்ன தடை இருந்தது? 2010-இல் இதே நோக்கத்துக்கான மசோதா சாதாரண மசோதாவாக மாநிலங்களவையிலேயே அறிமுகமானதுதானே!

அடுத்த ஆண்டும் இதே கதைதான். பண மசோதாவாக வந்த 2017 நிதிச் சட்டத்துக்குள், பெயர் தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிவிட்ட தேர்தல் பத்திரங்களுக்கான திருத்தங்கள் வந்தன, நிறுவனங்கள் கட்சிகளுக்குத் தரும் நன்கொடைக்கான 7.5 சதவீத உச்சவரம்பு போனது, தீர்ப்பாய உறுப்பினர்களை நியமிக்கும் விதிகள் அரசின் கைக்குப் போயின. மாநிலங்களவை மார்ச் 29-இல் சொன்ன ஐந்து திருத்தங்களை மறுநாளே மக்களவை நிராகரித்தது.

பின்னால் என்ன ஆனது? 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஆதாரைப் பண மசோதா என்று பெரும்பான்மைத் தீர்ப்பில் ஏற்றுக்கொண்டாலும், தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க வழிவிட்ட பகுதியை 57ஆம் பிரிவிலிருந்து வெட்டி எறிந்தது. மாநிலங்களவை நீக்கச் சொன்ன அதே பிரிவு! இடைப்பட்ட இரண்டரை ஆண்டில் சிம் கார்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் ஆதாரை இணைக்கச் சொல்லி வந்த குறுஞ்செய்திகளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தேர்தல் பத்திரம் 2024 பிப்ரவரியில் செல்லாது என்றானது. அதற்குள் பல ஆயிரம் கோடி ரூபாய் கைமாறிவிட்டது. இரண்டாவது அவையின் பேச்சைக் கேட்டிருந்தால் இவற்றில் கொஞ்சமாவது தவிர்ந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆதார் வழக்கில் நீதிபதி சந்திரசூட் மட்டும் மாறுபட்டு, இது அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்று எழுதினார். 2019 நவம்பரில், 2017 நிதிச் சட்டத்தின் தீர்ப்பாய விதிகளை எதிர்த்த ரோஜர் மேத்யூ வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஆதார் தீர்ப்பு பண மசோதாவுக்குக் கொடுத்த விளக்கத்தில் ஐயம் தெரிவித்து, கேள்வியை ஏழு நீதிபதிகளுக்கு அனுப்பியது. ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் விடை வரவில்லை. தேர்தல் பத்திரத் தீர்ப்பும் இந்தக் கேள்வியைத் தொடவில்லை.

இன்றைய ஆளுங்கட்சி மீதான கோபத்தில் மட்டும் இதை எழுதவில்லை. நாளை வேறு கட்சி வந்தாலும் இந்தப் பின்வாசல் திறந்தேதான் இருக்கும். என் கோரிக்கை இரண்டு. ஏழு நீதிபதிகள் அமர்வு உடனே கூடி விசாரிக்கட்டும். ஒரு மசோதா ஏன் பண மசோதா என்பதற்குச் சபாநாயகர் காரணங்களை எழுத்தில் தரட்டும். அதற்கு மக்களவை விதிகளைத் திருத்தினாலே போதும். தமிழ்நாட்டின் 18 மாநிலங்களவை உறுப்பினர்களில் யாரையாவது உங்களுக்குத் தெரியும் என்றால், அடுத்த கூட்டத்தொடரில் இதைக் கேட்கச் சொல்லுங்கள்.