டிசம்பர் எங்களுக்கு ஓய்வு மாதம் இல்லை

சொந்தமாகத் தொழில் செய்யும் ஓவியர்களுக்கு நேரம் அவர்கள் கையில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். புத்தக அட்டை வடிவமைப்பவனாகச் சொல்கிறேன், அது பாதி உண்மைதான். பொங்கலையொட்டிச் சென்னைப் புத்தகக் காட்சி வருவதால் டிசம்பர் முழுக்க மூச்சுவிட நேரமிருக்காது. கடைசி நேரத்தில் ஒரு முன்னுரை சேர்ந்தால்கூடப் பக்கம் கூடும், புத்தக முதுகின் தடிமன் மாறும், மொத்த அட்டையையும் மறுபடி அளவெடுக்க வேண்டும். அந்த மாதத்தில் வீட்டைத் தாங்குவது மனைவிதான். மாதாமாதம் வாடகைக்குக் கைகொடுப்பதும் அவருடைய சம்பளமே.

இந்த ஆண்டு எனக்குப் புதுத் தெம்பு தந்தது புதுக்கோட்டை அருகே பழைய ஓவியங்கள் உள்ள சித்தன்னவாசல் குகைக்கோயில். காலாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு போனோம். விதானத்தில் தாமரைக்குளம், அதில் மீன்கள், யானை, பூப்பறிக்கும் ஆட்கள். நான் தாமரை இலைகளையே பார்த்துக்கொண்டிருக்க, மகள் எருமையைக் கண்டுபிடித்துக் காட்டினாள். ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டியும் அந்தப் பச்சை நிற்கிறது! அப்புறம் செய்த ஒரு கவிதைத் தொகுப்பின் அட்டைக்கு அந்த நிறத்தைத்தான் தேடிப் பிடித்தேன்.

செய்த வேலைக்குப் பணம் வராமல் இழுபடுவதைப் பற்றியும் நீங்கள் எழுதியிருக்கலாம். சிறுதொழில்களைப் பதிவுசெய்யும் ஒன்றிய அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதியக் கட்டணம் கிடையாது. பதிந்தவர்களுக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் வேலை வாங்கியவர் பணம் தந்தாக வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம். புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகள் முதலில் அந்தப் பதிவைச் செய்துவிடுங்கள்.