புயலுக்கு முன்னால் கொர்யோ இருந்தது

மங்கோலியர் 1274லும் 1281லும் ஜப்பான் மீது படையெடுத்தார்கள், இரண்டு முறையும் புயல் வந்து ஜப்பானைக் காப்பாற்றியது. யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிற கதை இவ்வளவுதான். இந்தக் கதை மேல் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் இருக்கிறார், சாமுராய் இருக்கிறார், காற்று இருக்கிறது. அந்தக் கப்பல்களைக் கட்டிய கொரிய மக்களைக் காணோம்.

அன்றைய கொரியாவின் பெயர் கொர்யோ. மங்கோலியர் அங்கே முதலில் படையெடுத்தது 1231ல். அரசர் பெயருக்குத்தான், அதிகாரம் முழுக்க சோய் குடும்பத்துத் தளபதிகளின் கையில். 1232ல் அவர்கள் தலைநகரையே கங்வா தீவுக்கு மாற்றிக்கொண்டார்கள். கரைக்கும் தீவுக்கும் நடுவே கொஞ்சம் தண்ணீர்தான், ஆனால் நீரோட்டம் கடுமையானது. அங்கே அரண்மனை எழுந்தது, வரித் தானியம் கப்பலில் வந்து சேர்ந்தது. நிலப்பகுதியில் விடப்பட்ட குடியானவர்கள்தான் அடி வாங்கினார்கள். 1254ல் மட்டும் பிடித்துச் செல்லப்பட்டவர்கள் 2,06,800 பேர் என்றும், செத்தவர்களுக்குக் கணக்கே இல்லை என்றும் கொர்யோவின் அரச வரலாறு எழுதுகிறது. ஊர் ஊராகச் சாம்பலானது.

ஆனாலும் எதிர்த்து நின்றார்கள். நின்றது யார் என்று பாருங்கள். 1232ல் மங்கோலியத் தளபதி சர்தாய், சொயின் என்ற சின்ன மண்கோட்டையில் அம்பு பட்டுச் செத்தார். சொயின், சமூகத்தில் தாழ்த்தி வைக்கப்பட்டவர்கள் வாழ்ந்த குடியிருப்பு. அவர்களோடு நின்றவர் கிம் யுன்-ஹு என்ற பௌத்தத் துறவி. தளபதியைக் கொன்றதற்காக அரசு பெரிய பதவி கொடுத்தபோது, 'சண்டையின்போது என் கையில் வில்லும் இல்லை, அம்பும் இல்லை' என்று சொல்லி மறுத்துவிட்டார். அதே ஆள் 1253ல் சுங்ஜு கோட்டைக்குப் பொறுப்பாளர். முற்றுகை எழுபது நாள் தாண்டியது, தானியம் தீரப்போகிறது. அப்போது அரசு அடிமைகளின் பதிவேட்டை எடுத்து எல்லார் கண்முன்னும் கொளுத்தினார். கைப்பற்றிய மாடு, குதிரைகளைப் பங்கிட்டுக் கொடுத்தார். கோட்டை விழவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டு ஆசியாவில் இதைவிடப் பெரிய காட்சி எனக்குத் தெரியாது. இதைச் சொல்லாமல் காற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

1258ல் சோய் குடும்பத்தின் கடைசித் தலைவரைக் கொன்றார்கள். அடுத்த ஆண்டு பட்டத்து இளவரசர் மங்கோலியரிடம் பணிவதற்காகப் புறப்பட்டுப் போனார். 1270ல் அரசவை பழைய தலைநகருக்குத் திரும்பியது. சம்ப்யோல்ச்சோ என்ற படைப்பிரிவு மட்டும் பணிய மறுத்து, ஜிந்தோ தீவுக்கும் அப்புறம் ஜேஜு தீவுக்கும் போய் 1273 வரை சண்டை போட்டது. இவர்களை வெறும் தியாகிகளாகக் காட்டுவதும் எனக்கு ஒப்பாது. சோய் ஆட்சியின் அடியாட்களாக இருந்த படைதான் இது. ஆனால் 1271ல் இவர்கள் ஜப்பானுக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். கியோட்டோ அரசவைக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மூன்று வருடம் முன்பு கொர்யோவிலிருந்து வந்த கடிதம் மங்கோலியரைப் புகழ்ந்தது, இது திட்டுகிறதே. அதில் மங்கோலிய ஆண்டுக்கணக்கு இருந்தது, இதில் இல்லையே என்று சந்தேகங்களை வரிசையாக எழுதி வைத்தார்கள். அந்தத் தாள் இன்றும் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஒரே நாட்டிலிருந்து இரண்டு அரசுகள் எழுதுகின்றன என்று அவர்களுக்குப் புரியவே இல்லை.

சரி, கப்பலுக்கு வருவோம். 1274ன் முதல் மாதம் உத்தரவு வந்தது: 900 கப்பல் வேண்டும். தச்சர்களும் கூலிகளுமாக 30,500 பேரைத் திரட்டினார்கள். தென்மேற்குக் கரையோரம் ப்யோன்சான், சொங்வான்சான் மலைகளில் மரம் வெட்டினார்கள். தென்சீன முறையில் கட்டினால் செலவும் நாளும் கூடும் என்று கொர்யோ முறையிலேயே கட்டினார்கள். ஐந்தாம் மாத முடிவுக்குள் 900ம் தயார். உழவும் விதைப்பும் நடக்க வேண்டிய நேரம் அது. முப்பது வருடத்துக்குப் பக்கமாகச் சூறையாடப்பட்ட ஜனங்களின் முதுகில் ஏற்றிய சுமை இது. அந்த ஆண்டு போய்த் திரும்பாதவர்கள் 13,500க்கு மேல். ஜப்பானின் ஹகாடா கரையில் ஒரு நாள் சண்டைக்குப் பிறகு, திரும்பிவிடலாம் என்று தளபதிகள் முடிவெடுத்தார்கள்; அதற்குப் பிறகுதான் இரவில் காற்றும் மழையும் வந்தன என்று அதே அரச வரலாறு சொல்கிறது.

1281ல் புயல் வந்தது உண்மை, பெரும் நாசம் செய்ததும் உண்மை. தகாஷிமா தீவருகே கடலடியில் உடைந்த கப்பல்களைக் கண்டெடுத்திருக்கிறார்கள். ஆனால் கொர்யோவிலிருந்து கிளம்பிய 40,000 பேர் படை அதுவரை ஏன் கடலிலேயே கிடந்தது? ஹகாடா விரிகுடாவைச் சுற்றி சுமார் 20 கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்சுவர் இருந்ததால். 1276ல் ஹகாடா இருக்கும் கியூஷு தீவின் மாகாணங்கள் ஆளுக்கு ஒரு பகுதியாகப் பிரித்துக்கொண்டு எழுப்பிய சுவர். அதைத் தாண்ட முடியாமல் வாரக்கணக்கில் தவித்தவர்களைத்தான் புயல் பிடித்தது.

தென்சீனாவிலும் இதே கொடுமைதான். சோங் அரசை 1279ல் முடித்த கையோடு, குவான்சோ உள்ளிட்ட இடங்களில் 600 கப்பல் கட்டச் சொன்னார் குப்லாய். 200 கேட்ட இடத்தில் 50தான் முடிந்திருக்கிறது, மக்கள் மிகவும் கஷ்டப்படுகிறார்கள் என்று குவான்சோவின் பெரும் அதிகாரியான பு ஷோகெங்கே சொல்ல வேண்டியதாயிற்று. நம்மவர்கள் சிவன் கோயில் எழுப்பிய அதே துறைமுகம் இது. சகம் 1203 என்று ஆண்டு பொறித்த தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது. அது 1281ன் சித்திரை. செகசை கான் என்று கல்வெட்டு குறிப்பிடும் ஆட்சியாளரின் உடல்நலம் வேண்டி அங்கே இறைவனை நிறுவிய சில மாதங்களில்தான் தென்சீனக் கடற்படை ஜப்பானுக்குப் புறப்பட்டது.

போர் முடிந்ததும் வெற்றிக்குக் காரணம் எங்கள் பிரார்த்தனைதான் என்று ஜப்பானியக் கோயில்கள் காமகுராவிலிருந்த ராணுவ அரசிடம் பரிசு கேட்டு வரிசையில் நின்றன. தெய்வக் காற்று என்ற கதை வேரூன்றியதில் அந்தக் கோரிக்கைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. சண்டை போட்ட வீரர்களுக்குக் கொடுக்க நிலம் இல்லை, பிடித்த நாடு என்று எதுவும் இல்லையே. தகேசாகி சுவேனாகா என்ற வீரர் 1275ல் குதிரையையும் சேணத்தையும் விற்று வழிச்செலவுக்குப் பணம் சேர்த்துக் காமகுரா வரை போய்த் தன் பங்கைக் கேட்க வேண்டியிருந்தது.

கொர்யோவுக்கு என்ன கிடைத்தது? ஜப்பானைப் பிடிப்பதற்காக 1280ல் மங்கோலியர் அங்கே தனியாக ஓர் அரசு அமைப்பை வைத்தார்கள். படையெடுப்புத் திட்டம் 1286ல் கைவிடப்பட்டது. அந்த அமைப்பு மட்டும் கொர்யோவின் உள்விவகாரங்களில் தலையிட்டபடி நீடித்தது. அதை ஒழிக்க கோங்மின் என்ற அரசர் 1356ல் துணிந்து இறங்க வேண்டியிருந்தது.