பத்திரப் பதிவு அன்று கையில் இருக்க வேண்டிய பணம்

தங்கச்சி கை வளையலைக் கழற்றிய அன்று நானும் கூட இருந்தேன். கல்யாணத்துக்குப் போட்டது. பதினோரு வருஷமாகக் கழற்றியதே இல்லை. நகைக்கடன் கவுண்டர் முன்னால் உட்கார்ந்து இழுத்து இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. வங்கியில் கூட்டிப் பெருக்கும் அம்மா ஒருவர் பின்பக்கம் அழைத்துப் போய், சோப்பு நுரை போட்டுக் கழற்றிவிட்டார். மணிக்கட்டெல்லாம் சிவந்துபோயிருந்தது. மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்து, எடை போட்டு, மற்ற நகைகளோடு சேர்த்து எட்டு சவரன் என்று எழுதிக்கொண்டார். ரூ.3.20 லட்சம் கிடைத்தது. அவர்களுடைய வீட்டுக் கடன் சாங்ஷன் ஆகியிருந்த அதே வாரம்தான் இது.

கடன்தான் கிடைத்துவிட்டதே, அப்புறம் எதற்கு நகை என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. வீட்டுக் கடன் என்றாலே வட்டி எவ்வளவு, இஎம்ஐ எவ்வளவு என்றுதான் எல்லாரும் பேசுகிறோம். மாதம் 12,000 ரூபாய் வாடகையைத் தேதி தவறாமல் கொடுத்துவந்த குடும்பம், வயிற்றைக் கட்டியாவது 21,000 ரூபாய் தவணையைக் கட்டிவிடும். கைக்காசு புரட்ட முடியாமல்தான் பாதிப் பேர் ஆசையை விட்டுவிடுகிறார்கள்.

தங்கச்சி ஒரு லேபில் டெக்னீஷியன். மாப்பிள்ளைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. இரண்டு சம்பளமும் சேர்ந்து 55,000. ஆவடி பக்கம் பழைய அடுக்குமாடியில் ஒரு வீடு பார்த்தார்கள், விலை 30 லட்சம். ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டின் மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கி கொடுக்கலாம். கொடுக்கலாம், அவ்வளவுதான். கட்டாயம் ஒன்றும் இல்லை. கட்டடத்துக்கு வயசாகிவிட்டது என்று 80 சதவீதத்தோடு நிறுத்திவிட்டார்கள். 24 லட்சம் வந்தது. மீதி 6 லட்சம் இவர்கள் போட வேண்டும்.

அதற்கு மேல் பத்திரச் செலவு. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 30 லட்சத்துக்கு 2.70 லட்சம். வீட்டின் மதிப்போடு இதையும் சேர்த்துக் கடன் கேட்கவும் முடியாது. 10 லட்சத்துக்கு மேல் போகாத வீட்டுக்கு மட்டும் சேர்த்துக்கொள்ளலாம் என்று 2015இல் தளர்த்தினார்கள். வக்கீலின் லீகல் ஒப்பீனியன், ப்ராசஸிங் ஃபீஸ், வீட்டுப் பத்திரத்தை வங்கியில் அடமானமாக ஒப்படைத்ததற்கான எம்ஓடி பதிவு, புரோக்கர் கமிஷன், பத்திரம் எழுதுகிறவருக்கு என்று இன்னும் ஒரு 70,000 போனது. மொத்தம் 9.40 லட்சம். சேமிப்பு மூன்றரை, மாப்பிள்ளை பி.எஃப்.பில் எடுத்தது 1.60, சீட்டைத் தள்ளி எடுத்தது 1.10, மீதிக்கு அந்த எட்டு சவரன்.

அரசு உதவியே இல்லையா என்றால், இருக்கிறது. பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனா நகர்ப்புறத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை உள்ள, நாட்டில் எங்குமே சொந்தமாகப் பக்கா வீடு இல்லாத குடும்பத்துக்கு வட்டி மானியம் உண்டு. வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள்ளும் கடன் 25 லட்சத்துக்குள்ளும் இருக்க வேண்டும். முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீதம் என்று கணக்கிட்டு, அதிகபட்சம் 1.80 லட்சம். ஆனால் அதை ஐந்து வருஷத் தவணைகளாகப் பிரித்துக் கடன் கணக்கில் வரவு வைப்பார்கள். 2022 மார்ச்சில் முடிந்துபோன பழைய திட்டத்திலாவது, 2.67 லட்சம் வரை ஒரே தொகையாக வந்து அசலில் கழிந்தது.

பத்திர ஆபீஸில் டோக்கனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு இந்தக் கணக்குதான் ஓடியது. பதிவு அன்றைக்கு ஒரு அரசு 2.70 லட்சத்தை மொத்தமாக வாங்கிக்கொள்கிறது. இன்னொரு அரசு 1.80 லட்சத்தை ஐந்து வருஷத்தில் கொடுக்கிறது. உதவி நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. அந்த 1.80 அன்றைக்கே கிடைத்திருந்தால், நகையில் பாதிக்கு மேல் வீட்டிலேயே இருந்திருக்கும். சிங்கப்பூரில் முதல் வீடு வாங்கும் குடும்பத்துக்கு, வருமானத்தைப் பொறுத்து 1,20,000 சிங்கப்பூர் டாலர் வரை மானியம் உண்டு. அது நம்ம ஊர் பி.எஃப். மாதிரியான சிபிஎஃப் கணக்குக்குப் போய், வாங்கும்போதே விலையில் கழிந்துவிடுகிறது. பணம் எப்போது தேவையோ அப்போது வருகிறது.

மாநில அரசிடமும் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைப்பு என்று 2025 ஏப்ரலில் கொண்டுவந்தார்கள். நல்ல விஷயம். ஆனால் வரம்பு 10 லட்சம். ஆவடியில் 10 லட்சத்துக்கு எங்கே வீடு இருக்கிறது? பில்டரிடம் நேரடியாக வாங்கும் புது அடுக்குமாடி வீட்டுக்கு, 50 லட்சம் வரை, 2023 டிசம்பரிலிருந்து மொத்தமே 6 சதவீதம்தான். பழைய வீட்டுக்கு 9. கையில் காசு குறைவாக இருப்பதால்தானே ஒருவர் பழைய வீட்டைத் தேடிப் போகிறார்? அவருக்குப் போய் ஏன் கூடுதல்? முதல் வீடு, 35 லட்சத்துக்குள் என்றால் பழையதற்கும் 6 சதவீதம் ஆக்குங்கள். முடியாவிட்டால் தீர்வையை இரண்டு வருஷத் தவணையாகவாவது கட்ட விடுங்கள்.

கைக்காசே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கையிலிருந்து ஒன்றுமே போடாதவர்களுக்கும் கடனை அள்ளிக் கொடுத்து 2008இல் அமெரிக்கா பட்ட பாட்டைப் பார்த்தோம். நம் பணமும் கொஞ்சம் உள்ளே இருந்தால்தான் வீட்டின் மேல் பிடிப்பு இருக்கும். புரோக்கர் ஒருவர் இவர்களிடமும் வந்தார். “அக்ரிமெண்ட்ல விலையை ஏத்திப் போட்டுக்கலாம் சார், பேங்க்ல கூட வரும், கைக்காசே வேணாம்” என்றார். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். அது வங்கியிடம் சொல்லும் பொய். ஏற்றிப் போட்ட விலைக்குத் தீர்வையும் சேர்த்துக் கட்ட வேண்டும், இருபது வருஷம் தவணையும் கட்ட வேண்டும். டவுன் பேமெண்ட்டுக்குப் பர்சனல் லோன் எடுப்பதும் அப்படித்தான். இரண்டு தவணையும் ஒரே தேதியில் வந்து நிற்கும்.

வீடு பார்க்கக் கிளம்புகிறவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே வங்கியின் மதிப்பீட்டாளர் அந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு போடுவார் என்று விசாரித்துவிடுங்கள். விலையில் மூன்றில் ஒரு பங்கு கைவசம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு இதைச் சொல்ல யாரும் இல்லை.

போன வாரம் ஒரு வருஷ வட்டியைக் கட்டி, வளையலை மறு அடகு வைத்துவிட்டு வந்தோம். படியிறங்கும்போது, “தீபாவளிக்குள்ள மீட்டுடலாம்ணா” என்றாள்.