ஏரிக்கரையில் வந்து நிற்கும் அப்டேட்

விடியற்காலை ஐந்தரை மணி. மூடுபனி கலைவதற்குள் ஏரியை நாலு ஷாட் எடுத்துவிடலாம் என்று ட்ரோனின் கைகளை விரித்து வைத்தால், போன் திரையில் 'ஃபர்ம்வேர் அப்டேட் செய்யவும்' என்று வந்து நிற்கிறது. ட்ரோனை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டுமாம்; செய்யாமல் மேலே எழும்பாதாம். அங்கே சிக்னலே ஒரு கோடுதான். ட்ரோனுக்கு ஒன்று, ரிமோட்டுக்கு ஒன்று. அப்புறம் மூன்று பேட்டரிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்ட வேண்டும். முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது, பனியும் போய்விட்டது. முந்தின இரவு வீட்டு வைஃபையில் இருந்தபோதே இதைக் கேட்டிருந்தால் என்ன?

சரி, புதிய மாடலாவது வாங்கலாம் என்று பார்த்தால் பெயர்களே தலையைச் சுற்ற வைக்கின்றன. மினி, ப்ரோ, எஸ்இ. பலவும் 250 கிராமுக்குள்தான். இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளிலும் அதுவரை நானோ, அதாவது மிகச் சிறிய வகை. ஆனால் ஒன்றில் கேமராவுக்குள் ஒளியைப் பிடிக்கும் சென்சார் 1/2.3 அங்குலம், இன்னொன்றில் 1/1.3. பரப்பளவில் இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். அந்தி வெளிச்சத்தில் படம் புள்ளிபுள்ளியாக வருமா, தெளிவாக வருமா என்பதே இதில்தான் இருக்கிறது. அதைப் பெட்டியின் முன்பக்கத்தில் பெரிதாகப் போடக் கூடாதா? இதில், என் பழைய பேட்டரிகள் மூன்றும் புதியதில் பொருந்தவும் பொருந்தாது.