சந்தா எங்கே, விளம்பரம் எங்கே?
“2024ல் வருமானத்தில் டிஜிட்டல் ஊடகம் டிவியை முந்திவிட்டது, இந்தியர்கள் காசு கொடுத்துப் பார்க்கப் பழகிவிட்டார்கள்” என்கிறது ஒரு கட்டுரை. முதல் பாதி சரி, இரண்டாவது இடிக்கிறது. இந்திய ஊடகத் துறை வருமானத்தைக் கணக்கிடும் ஃபிக்கி–இஒய் அறிக்கை அந்த ஆண்டு டிஜிட்டலுக்குக் காட்டிய சுமார் 80,000 கோடி ரூபாயில் ஏறத்தாழ 70,000 கோடி விளம்பரம். சந்தா 10,000 கோடி சொச்சம்தான். அந்த விளம்பரமும் முழுக்கப் படத்துக்கும் சீரியலுக்கும் நடுவே வருவதல்ல. கூகுளில் ‘பல் டாக்டர்’ என்று தேடினால் உச்சியில் நிற்கும் கிளினிக், அமேசானில் மிக்ஸி தேடினால் ‘ஸ்பான்சர்டு’ என்று முதலில் வரும் மிக்ஸி, எல்லாம் இதே கணக்கு. மளிகைக்கடை போர்டுச் செலவை சினிமா வசூலில் சேர்க்கிற மாதிரி! சந்தாவிலும் ரீசார்ஜோடு ஒட்டி வரும் ஓடிடியைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதற்கென்று யாரும் பர்ஸைத் திறப்பதில்லை. ‘யூடியூபில் ஷார்ட்ஸ் (குட்டி வீடியோ) போட்டாலே வருமானம்’ என்ற நண்பருக்கு: விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க சேனலுக்கு 1,000 சந்தாதாரர்கள், கூடவே 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை அல்லது 90 நாளில் 1 கோடி ஷார்ட்ஸ் பார்வை வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்: ஷார்ட்ஸ் ஃபீடில் (ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்க்கும் வரிசையில்) ஓடிய நேரம் அந்த 4,000 மணியில் சேராது. நீள வீடியோவுக்குப் பங்கு 55%. ஷார்ட்ஸில் அப்படி நேரடியாக வராது. பாட்டு சேர்த்த ஷார்ட்ஸின் பணத்தில் ஒரு பகுதி முதலில் இசை உரிமைக்குப் போய், மிச்சம் ஷார்ட்ஸ் போடுபவர்களுக்கான பொதுத் தொகுப்பில் விழுந்து, பார்வை விகிதப்படி பிரிந்து, அதில் 45% கைக்கு வரும்.